ஒற்றை சீட் வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள் படியுங்கள்: எனக்கு 7,500 ரூபாய் போச்சு

இடுப்பு வலியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

என்னிடம் இருப்பது பழைய புல்லட் 350. முன்னால் ஒரு போல்ட், பின்னால் இரண்டு சுருள் ஸ்ப்ரிங், மேலே ஒற்றை சீட். அப்பா ஓட்டிய வண்டி. அவர் நல்ல கனம், நான் ஒல்லி. அவருக்கு அழகாக அமுங்கிய ஸ்ப்ரிங் எனக்கு அசைவதே இல்லை, பள்ளத்தில் விழுந்தால் நேராக முதுகில்தான் இடிக்கும். கொஞ்சம் இளகின ஸ்ப்ரிங் போட வேண்டும், சீட்டின் மூக்கு உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பழைய வண்டிகளுக்கு சீட் வேலை மட்டுமே செய்யும் ஒரு கடைக்குப் போனேன். வீடியோவெல்லாம் போடுகிறார்கள். போனதும் கடைக்காரர் காசு பேச்சையே எடுக்கவில்லை. "ஏறி உட்காருங்க சார்" என்றார். பின்னால் குனிந்து, ஸ்ப்ரிங் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்து அளந்தார். எடையைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். "உங்க வெயிட்டுக்கு இது ரொம்ப ஹெவி சார். கம்பி மெல்லிசா இருக்கணும், புதுசு போட்டுடலாம்." பேச்சு சுத்தமாகச் சரி. சுருளின் அளவு மாறாமல் கம்பி மட்டும் 8 மில்லிமீட்டரிலிருந்து 7 ஆனாலே விறைப்பு சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும். விஷயம் தெரிந்த ஆள் என்று 7,500 ரூபாயை அங்கேயே போனில் அனுப்பினேன்.

வண்டி வந்தது. ஸ்ப்ரிங் இரண்டும் கறுப்பில் மின்னின. முதல் பள்ளத்திலேயே சீட்டின் அடித்தகடு மட்கார்டில் 'டங்' என்று மோதியது. பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கிக்கொண்டதால் இடுப்பு பின்னால் சாய்ந்து, கை ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டியிருந்தது. முன்னைவிட மோசம்.

போன் செய்தேன். "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்." அடுத்த முறை, "ரோடு சரியில்ல சார்." அப்புறம் சொன்னார் பாருங்கள், "டயர்ல காத்தைக் குறைச்சுப் பாருங்க." சீட் வேலைக்கும் டயர் காற்றுக்கும் என்னய்யா சம்பந்தம்? காற்றைக் குறைத்து ஓட்டி, வளைவில் நான் விழுந்தால் யார் பொறுப்பு? சரி, பழைய ஸ்ப்ரிங்கையாவது கொடுங்கள், அதையே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சே சார்." அதன்பின் மாஸ்டர் ஊரில் இல்லை. இப்போது போனையே எடுப்பதில்லை.

நேற்று நானே சீட்டைக் கழற்றினேன். நகத்தால் சுரண்டியதும் கறுப்பு உரிந்து வந்தது. உள்ளே துருக் குழிகள். ஒரு முனை பழுக்கக் காய்ச்சி வளைத்ததில் நீலம் பாய்ந்து கிடக்கிறது, வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கிறது. இடது ஸ்ப்ரிங்கின் மேல் சுற்றில், வருஷக்கணக்கில் நான் துடைத்துத் துடைத்துப் பழகிய ஸ்பானர் கீறல். ஸ்கிராப்புக்கு ஒன்றும் போகவில்லை! என் ஸ்ப்ரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி, பெயின்ட் அடித்து, எனக்கே 7,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். ஸ்ப்ரிங்கை வெட்டினால் உயரம்தான் குறையும், விறைப்பு கூடும். ஆறு சுற்றில் ஒன்று போனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு. நான் கேட்டதற்கு நேர் எதிர். போதாக்குறைக்கு, ஊஞ்சல் மாதிரி தாராளமாக ஆட வேண்டிய முன் போல்ட்டை கிரீஸ்கூட வைக்காமல் இறுக்கி முடுக்கியிருக்கிறார்கள்.

பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அதையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுக்கப்போகிறேன். 7,500 திரும்புமோ என்னவோ, வெட்டிய ஸ்ப்ரிங் திரும்பாது.

விரிவாக யோசனை சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமையில்லை. வண்டியை விடும் முன் ஸ்ப்ரிங்கின் சுற்றுகளை எண்ணி போட்டோ எடுங்கள். கழற்றிய சாமான் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். மோசமான ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு பாக்கியைக் கொடுங்கள். "வெட்டி சரிபண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய 350-க்கு வெட்டாத ஸ்ப்ரிங் ஜோடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பெயின்ட் அடிக்காமல், துருவோடு இருந்தாலும் பரவாயில்லை.