பழைய டிராவலர் கேம்பருக்கு 70 கி.மீ. வேகம் போதும்

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, ஆர்டிஓ ஆபீஸில் அனுமதி பெற்று, பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் வைத்துத் தங்கும் வண்டியாக, அதாவது கேம்பராக மாற்றிக் குடும்பத்தோடு சுற்றுகிறோம். காரைக்குடியில் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்ணே?"

80 தாராளமாகப் போகும். நான் ஓட்டுவது 65, மிஞ்சினால் 70. மெர்சிடிஸ் ஓஎம்616 வழிவந்த 2.4 லிட்டர் டீசல் இன்ஜின், கூடுதல் இழுவை தரும் டர்போ கிடையாது. கூரையோ உயரம். 60-ல் இருக்கும் காற்றுத்தடை 80-ல் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். டீசலும் கூடும், சூடும் ஏறும். திருச்சி இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். 80-ல் போனால் மிச்சமாவது பத்து நிமிடம். அதைத் திருமயத்தில் டீக்கடையிலேயே விட்டுவிடுவோம்.

சித்திரை வெயிலில் சூடு முள் ஏறியது. ஒரு வொர்க்‌ஷாப்பில், இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இனி சூடே ஆகாதுண்ணே" என்றார்கள். ஆகவில்லைதான்! இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் காலையில் வெள்ளைப்புகை தள்ளியது, டீசலையும் குடித்தது. உண்மையான கோளாறு ரேடியேட்டரில் படிந்திருந்த உப்பு. முந்தைய ஓனர் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புது தெர்மோஸ்டாட் போட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றிய பிறகு முள் நடுவை விட்டு நகர்வதில்லை.

மேம்பாலம் ஏறும்போது ஐந்தாம் கியரிலேயே மிதித்து இன்ஜினை முக்க விடக்கூடாது, நான்குக்கு வந்துவிட வேண்டும். வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போனால், ஏறிய கியரிலேயே இறங்குவேன். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

ஆயில் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, தவணை தவறாமல் மாற்றினால் சரி. ஏர் ஃபில்டரை மட்டும் செம்மண் சாலையில் போய்வந்தால் உடனே திறந்து பார்க்கிறேன்.

அப்புறம் டயர். கேம்பர் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம். ரோட்டில் படும் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டினால் நான் மாற்றிவிடுகிறேன்.