பழைய சர்வர் பெட்டி, மூன்று வருடம் கழித்து

2023 ஜனவரியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையிலிருந்து இந்தப் பெட்டியைக் காரைக்குடிக்குத் தூக்கி வந்தேன். நாலு ஹார்ட் டிஸ்க் மாட்டும் சின்ன சர்வர், 8 ஜிபி ரேம், கூடவே பழைய 4 டிபி டிஸ்க் இரண்டு. 14,000 ரூபாய். பெட்டகத்தில் கிடந்த ரங்கூன் காலத்துப் பேரேடுகளையும் கல்யாணப் படங்களையும் ஸ்கேன் செய்து ஓரிடத்தில் வைக்க வேண்டும், பங்காளி வீட்டார் எல்லாரும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இது. நாலு டிஸ்க் மாட்டும் புது நாஸ் பெட்டி (கோப்புகளை நெட்வொர்க்கில் பகிரவே செய்த பெட்டி) டிஸ்க் இல்லாமலே இதைவிட விலை.

“ஓடுது தம்பி, லினக்ஸ் போட்டிருக்கு” என்றதோடு கடைக்காரர் சரி. பாஸ்வேர்டு அவருக்கும் தெரியாது. பெட்டி கிளம்பும்போது வரும் கிரப் திரையில் கெர்னல் வரியைத் திருத்தி, பாஸ்வேர்டு கேட்காமல் நேராகக் கட்டளை எழுதும் பேஷ் ஷெல்லில் இறங்கி, ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்டை மாற்றினேன். ஐந்து நிமிட வேலை. (எனக்கு ஐந்து நிமிடம் என்றால் வேறு யாருக்கும் அவ்வளவுதான். அன்றிலிருந்து அறைக்குப் பூட்டு.)

உள்ளே இருந்தது டெபியன் 10, லினக்ஸில் ஒரு வகை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம், பூட்டு மாற்றாத வீட்டுக்கு யாராவது குடிபோவார்களா? ஆனால் முன்பு வைத்திருந்தவர் விசிறி வேகத்துக்கும் முன்பக்கச் சின்னத் திரைக்கும் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்டுகள் அத்தனை நேர்த்தி. மனம் வரவில்லை. பழைய பயனர் கணக்குகளையும் வெளியிலிருந்து உள்ளே நுழைய வைத்திருந்த எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் மட்டும் துடைத்துவிட்டு, அதையே மேம்படுத்தப் பார்த்தேன்.

அப்டேட் ஓடவில்லை. டெபியன் சர்வரிலிருந்து வரும் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிழை. ஒரு சனிக்கிழமை முழுக்க இன்டர்நெட்டையும் ரவுட்டரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் தேதியைக் கேட்டால் பெட்டி சில வருடம் பின்னால் நிற்கிறது! மதர்போர்டில் இருந்த வட்ட பேட்டரி, அந்த சிஆர் 2032, செத்துப் போயிருந்தது. நெட்வொர்க்கிலிருந்து நேரம் வாங்கிச் சரிசெய்து கொண்டிருக்க வேண்டும். ஆனால் நேரம் கேட்கும் முகவரி, பெட்டி முன்பு இருந்த அலுவலகத்தின் உள் சர்வராக இருந்தது. பேட்டரி 40 ரூபாய். பழைய பெட்டி வாங்குகிறவர்கள் திருகைக் கழற்றும் முதல் நாளே அதை மாற்றிவிடுங்கள்.

டெபியனில் பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். 10-லிருந்து 11-க்குப் போகும்போது, மென்பொருள் எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியலில் பதிப்பின் பெயரை மட்டும் மாற்றினால் பாதுகாப்பு அப்டேட் கிடைக்காது, ஏனென்றால் அதற்கான வரியின் அமைப்பே 11-ல் மாறிவிட்டது. 12-ல் ஃபர்ம்வேருக்கு (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) அந்தப் பட்டியலில் தனிப் பிரிவு வந்தது. அதைச் சேர்க்காவிட்டால் நெட்வொர்க் கார்டின் ஃபர்ம்வேர் பழையதிலேயே நின்றுவிடும். இரண்டு தடவையும் பட்டாலையில் (வீட்டுக் கூடம்) உட்கார்ந்து லேப்டாப் வழியாகத்தான் செய்தேன். எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வைஃபை ஒரு பொருட்டே இல்லை, நடுவில் இணைப்பு அறுந்துவிடும். இணைப்பு அறுந்தாலும் வேலையை நிறுத்தாத டிமக்ஸ் உள்ளே ஓட விட்டிருந்ததால் தப்பித்தேன். அப்புறம் வளவு (வீட்டின் உள்முற்றம்) தூணை ஒட்டிக் கேபிள் இழுத்துவிட்டேன்.

அடி வாங்கியது 13-ல். 2025 ஆகஸ்டில் வந்ததை அவசரப்படாமல் டிசம்பரில்தான் போட்டேன். ஏறியது சுத்தமாக. ஆனால் பேரேட்டுப் பக்கங்களைச் சேர்த்து பிடிஎஃப் ஆக்கும் என் ஸ்கிரிப்ட் பாதியில் நின்று, இடம் போதவில்லை என்றது. டிஸ்கில் ஒரு டிபிக்கு மேல் காலி! 13-லிருந்து தற்காலிகக் கோப்புகள் போகும் டெம்ப் கோப்புறை டிஸ்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. அதிகபட்சம் ரேமில் பாதி. என் பெட்டிக்கு 4 ஜிபி. பெரிய பேரேடு ஒன்றுக்கே அது பற்றவில்லை. டெம்பை ரேமில் வைக்கும் அமைப்பை சிஸ்டம்டியில் (சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) மாஸ்க் செய்து, அதாவது முடக்கி, ரீபூட் செய்ததும் பழையபடி ஆனது. வெளியீட்டுக் குறிப்பில் எழுதியே இருந்தது. படிக்காதது நான்.

முதலில் பெட்டியை முகப்பை ஒட்டிய அறையில்தான் வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் டிஸ்க் சூடு 52 டிகிரி வரை போனது. “இதென்னப்பா, ராவெல்லாம் இரையுது?” என்று அப்பத்தாவும் கேட்க ஆரம்பித்தார். வளவை ஒட்டிய உள் அறைக்கு மாற்றினேன். தடித்த சுவர், வெயில் எட்டாது, 43-ஐத் தாண்டவில்லை. அப்பத்தாவுக்கும் தூக்கம் வந்தது. சுண்ணாம்புத் தூசிதான் தொல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதிவிடுகிறேன்.

கரண்ட் 35 வாட் அளவில் இழுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 50 யூனிட்டை இதுவே தின்றுவிடுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் யூபிஎஸ் அரை மணி நேரம்தான் தாங்கும். பேட்டரி குறைந்ததும் பெட்டி தானாக அணைய நட் மென்பொருள் போட்டிருக்கிறேன். அதற்கு முன் இரண்டு தடவை பட்டென்று அணைந்து, ரெய்டு (இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவை எழுதி வைக்கும் அமைப்பு) முழுவதையும் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

டிஸ்க் இரண்டும் ரெய்டு 1. வாங்கியபோதே 41,000 மணி நேரம் ஓடியவை, நாலே முக்கால் வருடக் கிழங்கள். ஒன்று 2024-ல் பழுதான செக்டர் (தரவு எழுதும் சிறு பகுதி) எண்ணிக்கை ஏற ஏற விடைபெற்றது. புதியதை மாட்டி மீளக் கட்ட பத்து மணி நேரம் ஆனது. அந்தப் பத்து மணி நேரமும், தேவகோட்டையில் அத்தை வீட்டில் ஒரு வெளி டிஸ்கில் நகல் இருக்கிறது என்பதால்தான் நான் சாப்பிட்டேன். மற்றொன்று இப்போது 67,000 மணியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்று டிஸ்க் வாங்கி மேஜை மேல் வைத்தாயிற்று; வருகிற ஞாயிறு மாட்ட வேண்டும்.