வருஷத்துக்கு ஒரே முறை பூக்கும் பன்னீர் ரோஜா: வேலூர் வெயிலில் எப்படி இருக்கிறது?

வேலூர், காட்பாடிப் பக்க நர்சரிகளில் பன்னீர் ரோஜா என்று கேட்டால் பெரும்பாலும் எட்வர்ட் ரோஜாவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது நல்ல செடி. கவாத்து பண்ணினால், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால், ஒன்றரை மாதத்தில் மறுபடி மொட்டு வைக்கும். இங்கே பேசுவது அது இல்லை, அசல் டமாஸ்க் ரோஜா. ராஜஸ்தானின் ஹல்திகாட்டியில் சைத்ர மாதத்துப் பூ என்பதால் 'சைத்ரி குலாப்' என்கிறார்களே, அந்த இனம். மருந்து, வாசனைச் செடிகளை ஆராயும் லக்னோ சீமாப் நிறுவனத்தின் நூர்ஜஹான், ராணி சாஹிபா, பாலம்பூர் ஆய்வு நிலையத்தின் ஜ்வாலா, ஹிம்ரோஸ் எல்லாம் இதன் ரகங்களே. மூன்று நான்கு வாரம் பூக்கும். மற்ற மாதமெல்லாம் முள்ளும் இலையும்தான். தினமும் சாமி படத்துக்கு இரண்டு பூ வேண்டும் என்பவர்கள் எட்வர்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"வாங்கி மூணு வருஷம் ஆச்சு, ஒரு பூ கூட இல்லை" என்பதுதான் இந்தச் செடி மேல் வரும் முதல் புகார். தப்பு உரத்தில் இல்லை, கவாத்துக் கத்தரியில். எட்வர்ட் போல அடிக்கடி பூக்கும் ரோஜாக்கள் புதுத் துளிரின் நுனியில் பூக்கும். இது போன வருஷம் வளர்ந்த கிளையிலிருந்து கிளம்பும் குட்டைப் பக்கத்துளிரில்தான் பூக்கும். நம் ஊரில் ரோஜாவுக்குக் கவாத்து என்றால் ஐப்பசி, கார்த்திகை என்று கை பழகிவிட்டது. அந்த நேரத்தில் இதை ஒட்ட வெட்டினால் மாசியில் வரவேண்டிய பூவில் பெரும்பகுதி குப்பைக்குப் போய்விடும். செடி தளதளவென்று இலை விடும், அதோடு சரி.

இன்னொரு தப்பு, ஏழு இலைக் கணக்கு. ஒரு காம்பில் ஏழு சிற்றிலை வந்தால் காட்டு ரோஜா, பிடுங்கிப் போடு என்பார்கள். டமாஸ்க்கில் ஐந்தும் வரும், ஏழும் வரும். குச்சியிலிருந்தோ அடிக்கன்றிலிருந்தோ வந்த செடிக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. ஒட்டுக்கட்டிய செடியாக இருந்தால் மட்டும் ஒட்டுக்குக் கீழே இருந்து வரும் துளிரை அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும்.

கவாத்துக்குச் சரியான நேரம், பூ ஓய்ந்த பதினைந்து நாளுக்குள். அதாவது பங்குனிக் கடைசி, மிஞ்சினால் சித்திரை முதல் வாரம். பட்டை சாம்பல் நிறமாகித் தடித்த பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தரையோடு எடுத்தால் போதும். மொட்டையடித்தால் கத்திரி வெயில் தண்டைச் சுட்டு, நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிடுங்கள். அடியில் மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு, மதியத்துக்கு மட்டும் நிழல்வலை.

ஆடியிலிருந்து ஐப்பசி வரை நாலைந்து அடிக்கு நீளமாக வீசும் கிளைகள்தான் அடுத்த வருஷத்துப் பூ. அவற்றை நிமிர்த்தியே விட்டால் உச்சியில் இரண்டு மூன்று மொட்டோடு நின்றுவிடும். நுனி மேலே இருக்கும்வரை கீழ்க்கண்களை, அதாவது கீழே துளிர் முளைக்கும் புள்ளிகளை, எழவிடாது. மார்கழி தொடக்கத்தில் கயிறு கட்டி ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தரைக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக வளைத்து முளைக்குச்சியில் கட்டுங்கள். முந்தின நாள் தண்ணீர் விட்டிருந்தால் முறியாது. தை பிறந்ததும் பாருங்கள்: பழைய இலைக்காம்பு விழுந்த தழும்புக்கு மேலே அரிசி அளவில் சிவப்புக் கண் வரிசையாக விழித்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பூங்கொத்து.

குளிர் விஷயத்தில் ஏமாறக்கூடாது. வட இந்தியச் சமவெளிக் குளிர் இங்கே கிடையாது, அதனால் அங்கே போலக் குவிந்து பூக்காது. ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ இடம் இருந்தால் அங்கே வைப்பதே புத்திசாலித்தனம். கீழே வைப்பவர்கள் மார்கழியில் தரைச்செடிக்குப் பதினைந்து நாள் தண்ணீரைக் குறைத்து, மிச்சமிருக்கும் இலையை உருவிவிட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். தொட்டிச்செடியை அப்படிக் காயவிட வேண்டாம், போய்விடும்.

நடவுக்குத் தரையில் ஒன்றரை அடி நீள அகல ஆழக் குழி, மாடியில் பாதி டிரம். செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் செடி என்றால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை கெட்டியாக இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பாதிக் களியைக் கரைத்துவிட்டு நடவேண்டும். இல்லாவிட்டால் வெளியே ஈரம், உருண்டைக்குள் வறட்சி. தொழு உரம் ஆடியில் ஒரு தடவை, கவாத்து முடிந்ததும் ஒரு தடவை. ஐப்பசிக்குப் பிறகு யூரியா கூடவே கூடாது.

தண்ணீர்தான் இந்த மாவட்டத்தின் தலைவலி. பாலாற்றை ஒட்டிய பல போர்வெல்களில் உப்பு. இலை ஓரம் தீய்ந்தால் உப்பு கூடிவிட்டது, மழைநீரை நிறைய விட்டுத் தொட்டியை அலசுங்கள். துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. லிட்டருக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 3 கிராம், அரை எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் தெளிப்பு, பத்து நாள் கழித்து இன்னொன்று.

பூச்சியில் வெயில் காலச் செஞ்சிலந்திதான் மோசம். இலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி அடங்கும். இதற்குத் தெளிக்கும் நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) 32 டிகிரிக்கு மேல் தெளித்தால் இலை கருகும். தண்டில் ஒட்டும் செதில் பூச்சியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல், லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு.

பூவை விடிவதற்குள், பாதி விரிந்த நிலையில் பறித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏற வாசனை குறைந்துவிடும். ஒரு பூ இரண்டு மூன்று கிராம்தான், ஒரு செடியை நம்பிப் பன்னீர் காய்ச்ச முடியாது. குல்கந்துக்கு ஆகும்: மருந்து தெளிக்காத பூவின் இதழ் எவ்வளவோ அவ்வளவு எடை சர்க்கரை, கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு மூன்று வாரம் வெயிலில். ஈரம் பட்ட இதழைப் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.