சோடியம் 156: தண்ணீரை எந்த வழியில் கொடுப்பது?

கடுமையான தீக்காயத்தோடு வருபவருக்கு முதல் நாளில் திரவத்தைக் கொட்டித்தான் உயிரைப் பிடித்து வைக்கிறார்கள். எடையையும் காயத்தின் பரப்பையும் வைத்துத் திரவ அளவு சொல்லும் பார்க்லண்ட் கணக்குப்படி, 60 கிலோ எடை, உடற்பரப்பில் 40 சதவீதக் காயம் என்றால் 24 மணி நேரத்தில் 9.6 லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். அதன் ஒவ்வொரு லிட்டரிலும் 130 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. பிறகு நடப்பதுதான் வினை. உள்ளே போன உப்பில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. தண்ணீரோ தோல் போன இடங்களின் வழியே இரவும் பகலும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. சில நாள் கழித்து ஒரு காலை, லிட்டருக்கு 145 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டிய ரத்தச் சோடியம் 156 என்று அறிக்கை வருகிறது. செயற்கைச் சுவாசத்தில் மயங்கிக் கிடப்பவர் தாகம் என்று வாய்திறந்து கேட்க முடியாது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? இவர் உடலில் ஏறத்தாழ 36 லிட்டர் நீர் என்று கொண்டால், சோடியத்தை 10 புள்ளி (லிட்டருக்கு 10 மில்லிமோல்) இறக்க 2.5 லிட்டர் போதும். பல நாளாக ஏறி நிற்கும் சோடியத்தை ஒரு நாளில் 10, 12 புள்ளிக்கு மேல் இறக்குவதில்லை என்பது வழக்கம். வேகமாக இறக்கினால் மூளை வீங்கலாம். பலர் இந்த 2.5 லிட்டரோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். காயத்தின் வழியே இன்றைக்கும் போய்க்கொண்டிருப்பதை யார் ஈடுகட்டுவது? 25ஐயும் காயத்தின் சதவீதத்தையும் கூட்டி, உடற்பரப்பின் சதுர மீட்டரால் பெருக்கினால் மணிக்கு எத்தனை மில்லி ஆவியாகிறது என்று தோராயமாகத் தெரியும். இவருடைய உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் என்று கொண்டால், 65ஐ 1.6ஆல் பெருக்க 104 மில்லி. நாளுக்கு இன்னொரு 2.5 லிட்டர். ஆக, தேவை 5 லிட்டர். குழாய் வழியே உணவாகக் கொடுக்கும் ஊட்டக் கரைசலில் இருக்கும் தண்ணீரை இதில் கழித்துக்கொள்ளலாம். சிறுநீரிலும் பேதியிலும் போவதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

என் முதல் தேர்வு மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் மூக்குக் குழாய்தான். வெறும் தண்ணீர், உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. குடல் வேலை செய்கிறவரை இதற்கு இணை கிடையாது. ஆனால் 5 லிட்டரும் இதிலேயே போகாது. தீக்காயக்காரரின் இரைப்பை மந்தமானது. வயிறு உப்பி, கொடுத்தது குழாயிலேயே திரும்பி வரும். ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்து அதிக அளவில் ஓடும்போது குடலை நம்பவும் கூடாது. இன்னொரு சிக்கல் அறுவை அரங்கம். வெந்த தோலை நீக்கவும் புதுத் தோல் ஒட்டவும் இவர்கள் அடிக்கடி அங்கே போகிறார்கள். அதற்காக ஊட்டத்தை நிறுத்தும்போது கூடவே தண்ணீரும் நின்றுவிடுகிறது. குறிப்பேட்டில் ‘வாய்வழி ஒன்றும் இல்லை’ என்று எழுதியவர், அந்த மணி நேரங்களுக்கான தண்ணீரை நரம்பு வழிக்கு மாற்றி எழுத மறந்திருப்பார். மாலையில் சோடியம் 3 புள்ளி ஏறி நிற்கும்.

அந்த இடைவெளிக்கு நரம்பு வழியே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல். சர்க்கரையை உடல் எரித்துவிட்டால் மிஞ்சுவது சுத்தத் தண்ணீர். எரிக்க வேண்டுமே! தீக்காயத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. 5 லிட்டரையும் இப்படிக் கொடுத்தால் 250 கிராம் குளுக்கோஸ். ரத்தச் சர்க்கரை எகிறி, சிறுநீரில் வழிந்து, போகிற போக்கில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்; கொடுத்த கையே பறித்த கதை. சர்க்கரை 300க்கு ஏறியவரின் சோடியம் அறிக்கையில் இரண்டு மூன்று புள்ளி குறைந்து தெரியும் என்பதால், முன்னேற்றம் என்று ஏமாறவும் வாய்ப்புண்டு. இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டு, நாளுக்கு 2 லிட்டர் அளவில் குழாய்த் தண்ணீருக்குத் துணையாக ஓட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வழக்கமான சலைனில் பாதி உப்பே உள்ள பாதி உப்புக் கரைசல் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். அதனால்தான் கை அதற்குப் போகிறது. ஒரு லிட்டரில் 77 மில்லிமோல் சோடியம் இருப்பதால், உப்பில்லாத தண்ணீர் என்று கணக்கில் சேர்வது அரை லிட்டர்தான். 5 லிட்டர் தேவைக்கு 10 லிட்டர் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே வீங்கிக் கிடப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. ரத்த ஓட்டமும் குறைந்து, சோடியமும் ஏறியிருப்பவருக்கு மட்டும் இதில் பொருள் உண்டு. ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலையிலேயே இருந்தால் முதலில் ரிங்கர் லாக்டேட்தான், சோடியத்தை அப்புறம் பார்க்கலாம்.

சிறுநீர் பெருக்கும் ஃபுரோசமைடைத் தனியாகக் கொடுத்தால் உப்பைவிடத் தண்ணீர்தான் கூடுதலாகப் போகும், சோடியம் மேலும் ஏறும். சிறுநீரகம் நின்று உடலும் வீங்கியவருக்கு மெதுவான தொடர் டயாலிசிஸ் உண்டு. வெறும் தண்ணீரை நேராக நரம்பில் ஏற்றுவது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தப் பேச்சே வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் 4 மணி அல்லது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியத்தைப் பார்க்க வேண்டும். கணக்குச் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் முதல் சந்தேகம் ரத்தத்தில் கிருமித் தொற்று. அடுத்தது, கட்டிலருகே தொங்கும் சின்னப் பாட்டில்கள். ஆன்டிபயாட்டிக் கலக்கும் 100 மில்லி நார்மல் சலைன் (வழக்கமான உப்புக் கரைசல்) நாளுக்கு 10 போனால் 154 மில்லிமோல் சோடியம், ஏறத்தாழ 9 கிராம் உப்பு. டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக்கூடிய மருந்துகளை அதற்கு மாற்றச் சொல்லி மருந்தாளுநரிடம் கேட்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.