படகு உறை நாமே தைக்க: கித்தானா, அக்ரிலிக்கா, லாரித் தார்ப்பாயா?

சென்னைக் கடலோரத்தில் நிறுத்தும் படகுக்கு உறை தைக்கத் துணி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “தண்ணி உள்ள இறங்காதுல்ல?” என்பதுதான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. இங்கே மழை வருடத்தில் சில மாதங்கள். வெயில் பன்னிரண்டு மாதமும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். உறையைக் கொல்வது அந்த வெயில். எந்த இடத்தில் இற்றுப்போயிருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது மட்டும்தான் மழையின் வேலை. அதனால் இந்த அலசலில் ஒவ்வொரு துணியையும் வெயிலில் எத்தனை காலம் நிற்கும், உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடுமா என்ற இரண்டையும் வைத்தே முதலில் எடை போடுகிறேன். தண்ணீர் தாங்குவது அதற்கு அடுத்து.

ஒப்பிட வசதியாக ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஐஎல்சிஏ, பழைய பெயர் லேசர். ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு. நீளம் சுமார் 4.2 மீட்டர், அகலம் 1.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரை 2021இல் வாங்கியது இந்தப் படகின் ரேடியல் வகையில்தான். மேல்தளத்தை மூடி, பக்கவாட்டில் ஒரு சாண் தொங்கும்படி உறை தைக்க, 60 அங்குல அகலத் துணியில் 7, 8 மீட்டர் பிடிக்கும்.

நீல நிற எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கரையில் வலைக் குவியலை மூட மீனவர்கள் போடுவது அதைத்தான். அந்த வேலைக்கு அது சரி; மலிவு, எடையில்லை, கிழிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதைத் தைக்க முடியாது. ஊசி போட்ட ஓட்டை வரிசை, தபால்தலைத் தாளைக் கிழிக்கப் போட்ட ஓட்டை போலப் பிரிந்துவிடும். வெயிலில் செதில் செதிலாக உதிர்ந்து கடலுக்குப் போகும். காற்றில் படபடத்து ஃபைபர் மேற்பூச்சின் பளபளப்பைத் தேய்த்துவிடும். உறை தைத்து முடியும்வரை தற்காலிகமாகப் போட்டு வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது பிவிசி பூசிய லாரித் தார்ப்பாயைப் பற்றி. பாரிமுனைப் பக்கம் போனால் கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது அதுதான். தொட்டுப் பார்த்தால் கனமாக, நம்பிக்கையாக இருக்கும். உள்ளே பாலியெஸ்டர் வலை, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. சொட்டுத் தண்ணீர் இறங்காது என்பது உண்மை. சொட்டுத் தண்ணீர் வெளியேறாது என்பதும் அதே அளவு உண்மை. படகைக் கழுவி மூடும்போது, ஓட்டுகிறவர் கால் வைக்கும் குழிப்பகுதியில் எப்படியும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதில் உப்பும் இருக்கும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பகலில் உறைக்கு அடியில் சூடு ஏறி அந்த ஈரம் ஆவியாகும். இரவில் பிளாஸ்டிக் குளிர்ந்ததும் அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோர்த்துத் திரும்பப் படகின்மேலேயே சொட்டும். மறுநாளும் இதே கதை. மழையே பெய்யாத மாதத்தில் உறையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே நனைந்திருக்கும். கயிறுகளில் பூஞ்சை, பெயின்ட் அடித்த இடங்களில் கொப்புளம், உலோகப் பொருத்துகளில் களிம்பு, எல்லாம் இப்படித்தான் வருகிறது.

இன்னொன்று, பிவிசியை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பிறகு துணி விறைத்து, மடித்த இடத்தில் விரிசல் விடும். தைப்பதும் சுலபமில்லை. சதுர மீட்டருக்கு 600 கிராம் துணி என்றால் நம் உறை மட்டும் 7 கிலோவை ஒட்டி வரும். அதை மிஷினின் கைக்கு அடியில் சுருட்டித் திணித்துத் தைக்க வேண்டும். பூச்சு மிஷின் காலில் ஒட்டிக்கொண்டு நகராது. பிவிசியில் விழுந்த ஊசி ஓட்டை எப்போதும் ஓட்டைதான். அதனால் என் கருத்து இது: பிவிசிதான் வேண்டும் என்றால் தைக்காதீர்கள், சூட்டில் இணைத்துத் தரும் கடையில் கொடுத்து ஒட்டி வாங்குங்கள். ஒட்டிய இணைப்பு, துணியின் பலத்துக்கு ஈடாக நிற்கும். படகை லாரியில் ஏற்றி மழைக்குள் ஊர் கடத்த வேண்டிய சில நாட்களுக்கு அது அருமையான உறை. மாதக்கணக்கில் மூடி வைக்க அல்ல.

கெட்டியான பருத்தித் துணியான கித்தான்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, மறைக்கவில்லை. பருத்தி நூல் நனைந்தால் ஊதும். நெசவின் இடைவெளி தானாக அடைபடும். ஊசி ஓட்டையும் நூலைச் சுற்றி இறுகிக்கொள்ளும். காய்ந்ததும் திரும்பத் திறந்து காற்று விடும். மூச்சு விடும் துணிகளில் தைக்க இவ்வளவு இணக்கமானது வேறில்லை. சாதாரணத் தையல் மிஷினில் வெண்ணெய் மாதிரி போகும். மரப் படகுகளுக்கு அது பிடித்தமான உறையாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் பருத்தி பூஞ்சைக்குச் சாப்பாடு. வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் காயாமல் கிடந்தால் கறுப்புப் புள்ளி விழும், பிறகு இற்றுப்போகும். மெழுகு ஏற்றினால் ஆயுள் கூடும். ஆனால் நம் கோடையில் மெழுகு இளகிப் பிசுபிசுத்துத் துறைமுகத் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நனைந்தால் எடை ஏறும். முதல் மழையில் சுருங்கும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஓரம் எட்டாது. கூரைக்கு அடியில் நிற்கும் படகுக்குத் தூசி மறைக்க என்றால் நான் இன்றைக்கும் கித்தானைத்தான் சொல்வேன். திறந்த வெளிக்கு மனசில்லாமல் வேண்டாம் என்கிறேன்.

மிச்சம் இருப்பவை இரண்டு: பாலியெஸ்டர், அக்ரிலிக். உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

அக்ரிலிக் என்றால் எல்லா அக்ரிலிக்கும் இல்லை. இழையாக இழுப்பதற்கு முன்பே குழம்பில் நிறத்தைக் கலந்துவிடும் வகை. சாயம் மேலே பூசப்படவில்லை, இழையின் உள்வரை அதுவே நிறம். அமெரிக்காவின் கிளென் ராவன் நிறுவனம் 1961இல் சன்பிரெல்லா என்ற பெயரில் கொண்டுவந்தது இந்த வகைதான். படகுத் தரத்தில் சதுர மீட்டருக்கு 300 கிராமை ஒட்டி இருக்கும். நம் உறைக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை கிலோ, அதாவது பிவிசியில் பாதி. வெயிலுக்கு இதைவிடப் பொறுமையான துணி, தைக்கக்கூடியவற்றில், எனக்குத் தெரிந்து இல்லை. பூசிய பிளாஸ்டிக் படலம் கிடையாது, நெசவுக்கு மேல் நீர் ஒட்டாத ஒரு மெருகு மட்டும்தான். அதனால் ஆவி வெளியே போகும். பூஞ்சைக்கு அக்ரிலிக் உணவில்லை. மேலே படியும் அழுக்கில்தான் அது வளரும், கழுவினால் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றில்லை. கடைகளின் முகப்பில் கைப்பிடியைச் சுற்றி விரிக்கிறார்களே, அந்த வெயில்மறைப்புகளுக்குப் பல இடங்களில் இந்தக் குடும்பத்துத் துணிதான். அதைப் போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாங்கும் முன் துண்டு ஒன்றை வாங்கி வந்து பிளீச்சிங் கரைசலை ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கழுவுங்கள். நிறம் வெளுத்தால் அது நாம் தேடும் துணி இல்லை.

அதன் பலவீனம் உராய்வு. ஒரு கூர்முனையில் உரசிக்கொண்டே இருந்தால் அக்ரிலிக் சீக்கிரம் நைந்துவிடும். இங்கேதான் பாலியெஸ்டர் முந்துகிறது. இழுவைக்கும் கிழிசலுக்கும் உராய்வுக்கும் அது பலசாலி, நனைந்தாலும் தொய்வு குறைவு, விலையும் பொதுவாகக் குறைவு. டிரெய்லரில் கட்டி நெடுஞ்சாலையில் இழுத்துப் போகும் படகுக்கு நான் பாலியெஸ்டரைத்தான் எடுப்பேன். அந்தக் காற்றில் அக்ரிலிக் படகின் விளிம்புகளில் தேய்ந்து தீர்ந்துவிடும். ஆனால் வெயிலில் வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும் வேலைக்கு அது அக்ரிலிக் அளவுக்குத் தாங்காது. உள்பக்கம் தடிப்பான பூச்சு உள்ள பாலியெஸ்டர் என்றால் மூச்சும் குறையும். ஒரே இடத்தில் நிற்கும் படகுக்கு அக்ரிலிக் எடுத்து, உரசும் மூலைகளில் மட்டும் பாலியெஸ்டர் ஒட்டுப்போட்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். விலை லாரித் தார்ப்பாயைவிடப் பல மடங்கு வரும்தான். கொடுக்கத் தகும் காசு அது.

அவ்வளவு காசு கொடுத்துத் துணி வாங்கிவிட்டு நூலில் கை சுருக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நல்ல அக்ரிலிக் உறையில் முதலில் சாவது தையல்தான். துணி முழுசாக இருக்கும்போதே இணைப்புகள் விரல் பட்டதும் பிரியும். பருத்தி நூல் பேச்சுக்கே இடமில்லை. நைலான் நூல் இழுத்துப் பார்க்கும்போது பலமாகத் தெரியும், வெயிலில் முதலில் கைவிடுவதும் அதுவே. அடுத்து, மெருகேற்றிய பாலியெஸ்டர் நூல்: வி-69, வி-92 என்று எண் சொல்லி விற்கிறார்கள், எண் கூடினால் தடிமன் கூடும். படகு உறைக்கு வி-92 சரியான அளவு. வெள்ளையைவிடக் கறுப்பு நூல் வெயிலைத் தாங்கும். கடைசியாக டெனாரா போன்ற பிடிஎஃப்இ நூல். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே குடும்பத்துப் பொருள். புற ஊதாக் கதிர் அதை ஒன்றும் செய்வதில்லை. துணியின் ஆயுளைத் தாண்டி நிற்கும்.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். வழுக்கும் நூல் என்பதால் மிஷினில் டென்ஷன் பிடிக்கவும் பழக வேண்டும். ஆனாலும் நான் சொல்வது, மேல்தளத்தின் இணைப்புகளுக்கு மட்டுமாவது அதைப் போடுங்கள். பாலியெஸ்டர் நூலில் தைத்தால் சில வருடங்களில் மொத்த உறையையும் திரும்பத் தைக்க வேண்டியிருக்கும், அந்த வேலை புதிதாகத் தைப்பதைவிட எரிச்சலானது. கண்ணுக்குத் தெரியாத உள்மடிப்பு, நிழல்படும் ஓரம் இவற்றுக்கு வி-92 போதும்.

மிஷின் விஷயத்தில் பலரும் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. வீட்டில் கிடக்கும் பழைய காலால் மிதிக்கும் கறுப்பு மிஷின், வார்ப்பிரும்பு உடம்பு, அக்ரிலிக்குக்கும் கித்தானுக்கும் தாராளமாகப் போதும். 16ஆம் எண் ஊசியில் வி-69, 18இல் வி-92. தையல் நீளத்தை 4, 5 மில்லிமீட்டருக்கு வையுங்கள். சின்னத் தையல் போட்டால் துணியில் ஓட்டை கூடும், பலம் குறையும். மடிப்புகள் குறுக்கே சேரும் மூலையில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகக் கடக்க வேண்டும். பிளாஸ்டிக் பல்சக்கரம் வைத்த புது லேசான மிஷின்கள்தான் இதில் திணறும்.

காலும் பல்லும் ஊசியும் மூன்றும் சேர்ந்து துணியை நகர்த்தும் பெரிய மிஷின் இருந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும், ஒரு உறைக்காக அதை வாங்குவது வீண். கார் சீட் தைக்கும் கடைகளில் அது இருக்கும். துணியை நீங்களே அளந்து வெட்டி, இருபக்கம் ஒட்டும் டேப்பால் இணைப்புகளை ஒட்டிக் கொண்டுபோனால், நீளத் தையலை மட்டும் அவர் ஓட்டித் தருவார். அளவும் வடிவமும் உங்கள் கையில். பாரமான தையல் அவர் கையில். முழு உறையையும் அவரிடமே விடுவதைவிட இது எவ்வளவோ மேல். படகில் மழைநீர் எங்கே தேங்கும் என்பது அதை ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

வடிவத்திலும் இரண்டு கட்சி உண்டு. மேளத்தோல் மாதிரி தளத்தோடு இழுத்துக் கட்டும் தட்டை உறை, நடுவில் கம்பு கொடுத்துத் தூக்கிய கூடார உறை. தட்டை உறைக்குத் துணி குறைவு, காற்றுக்கும் பயமில்லை. ஆனால் குழிப்பகுதிக்கு மேல் அது எப்படியும் தொய்யும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 50 கிலோ. டிசம்பர் மழையில் ஒரே இரவில் நடக்கும். எந்தத் துணியும், எந்த நூலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எனவே கூடாரம்தான். பாய்மரத்தை இறக்கிவிட்டு, பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் பூம் கம்பையே நடுவில் முதுகெலும்பாகத் தூக்கி வைத்தால் போதும், இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்துவிடும்.

துணிப் பட்டைகளை நீளவாக்கில் போடாமல் குறுக்காகப் போடுங்கள். இணைப்புகள் சரிவோடு சேர்ந்து இறங்கும், தண்ணீர் அவற்றின்மேல் நிற்காது. முகட்டில், வெயில் உச்சியில் அடிக்கும் இடத்தில், நீளத் தையல் வராமலும் போகும். இணைப்புக்கு ஜீன்ஸ் காலில் இரட்டைக் கோடாக ஓடும் மடக்குத் தையல். வெட்டிய ஓரத்தைச் சூடான கத்தியால் உருக்கி மூடலாம். கித்தானுக்கு மட்டும் அது ஆகாது, மடித்துத்தான் தைக்க வேண்டும். ஓரத்தில் எலாஸ்டிக் கயிறு வைக்கச் சொல்வார்கள், அதில் உள்ள ரப்பர் வெயிலில் செத்துவிடும். சுருக்கி இழுக்கும் பாலியெஸ்டர் கயிறும், படகின் அடிவழியாகப் போய்க் கொக்கியில் மாட்டும் இரண்டு மூன்று பட்டைகளும் போதும். பட்டை நாடாவும் பாலியெஸ்டராகவே இருக்கட்டும்: நைலான் நனைந்தால் நீளும், பாலிபுரொப்பிலீன் வெயிலில் பொடியாகும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் தளர்வாக விட்ட பட்டை ஒன்றே உறையை அடித்துக் கிழிக்கப் போதுமானது. கயிறு கோக்கும் வளையமான ஐலெட் போடுவதென்றால் பித்தளை, இரும்பு வேண்டாம். ஜிப் வைத்தே ஆக வேண்டும் என்றால் தடித்த பிளாஸ்டிக் பல் உள்ளது.

அக்ரிலிக்கின் நீர் ஒட்டாத மெருகு காலப்போக்கில் தேயும். தண்ணீர் உருண்டு ஓடாமல் துணியில் ஊற ஆரம்பித்தால், மிதமான சோப்பில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, துணிக்கான நீர்த்தடுப்பு ஸ்பிரே அடித்தால் திரும்ப வந்துவிடும். வாஷிங் மெஷினில் போடக் கூடாது. 8 மீட்டர் வாங்கினால் கொஞ்சம் துணி மிஞ்சும். அதில் சுக்கானுக்கும், படகின் நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகைக்கும் இரண்டு அறை வைத்து ஒரு பை தைத்துக்கொள்ளலாம். உள்ளே மெத்தென்று வைக்கப் பழைய துண்டு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட் வையுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஒரு ஐலெட்டும் அடித்துவிடுங்கள்.