அட்டையா, ஆசாரிப்பள்ளமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ். இல்லையென்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஏழையின் வைத்தியத்துக்கான அரசுப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா, அட்டைக்குப் போகவேண்டுமா என்பது சுகாதாரப் பொருளாதாரத்தில் தீராத வழக்கு.

அட்டையின் பலம் பெரிய நோயில் தெரியும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, பிரசவம் நீங்கலாக, ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு அரசில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845. இந்த ஏழு மடங்கு இடைவெளியைத்தான் அட்டை அடைக்கப் பார்க்கிறது. (அதே அட்டையை அரசு ஆஸ்பத்திரியிலும் காட்டலாம், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.)

ஆனால் குடும்பத்தைக் கரைப்பது பெரும்பாலும் ஆபரேஷன் இல்லை, மாத்திரை. மாதம் 12,000 செலவழிக்கும் வீட்டில் சுகருக்கும் பிரஷருக்கும் 1,500 போனால் அது 12.5 சதவீதம். வீட்டுச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் ‘பேரிடர் செலவு’ என்பது 2025 வரை ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் இருந்த அளவுகோல். இன்னொரு அளவுகோல், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மிச்சத்தில் 40 சதவீதம் என்கிறது. சாப்பாட்டுக்கு 7,000 என்றால் மிச்சம் 5,000. அதில் 1,500 வெறும் 30 சதவீதம். அதே வீடு முதல் கணக்கில் சிக்குகிறது, இரண்டாவதில் தப்பிவிடுகிறது. வருமானமும் அதே 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. அட்டைக்கான 1,20,000 வரம்பையும் தாண்டியாயிற்று!

அரசு ஆஸ்பத்திரியில் இந்த வரம்பெல்லாம் கிடையாது. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்குவதால், சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பலவீனம், காத்திருப்பு. நோயாளியோடு துணைக்கு ஒருவர் நிற்கவேண்டும்; அவருடைய கூலியும் போச்சு. அந்த 4,452-இல் இந்தக் கூலி சேரவில்லை.

சரி, இரண்டு அளவுகோலுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. பணமில்லாமல் வைத்தியத்தைத் தள்ளிப்போடும் குளச்சல் மீனவரின் மருத்துவச் செலவு பூஜ்யம். கணக்கில் அவர் பாதுகாப்பாக இருப்பவர்! சமத்துவமின்மையைச் செலவைக் கொண்டு மட்டும் அளக்கும் ஆய்வுகளை நான் அரை நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

திருவனந்தபுரம் என்ற மூன்றாவது வழியும் இந்த மாவட்டத்துக்கு உண்டு, திருவிதாங்கூர் காலத்துப் பழக்கம். வண்டிச்செலவும் தங்குமிடமும் தாங்குகிறவர்களுக்குத்தான் அது. மற்றபடி என் ஓட்டு ஆசாரிப்பள்ளத்துக்கு: புதிதாக ஒரு ரூபாய் வந்தால் முதலில் மருந்துக்கும் ஆட்களுக்கும், அப்புறம்தான் அட்டைக்கு.