எஸ்.டி.ஓ.வா, பார்க்கரா?

திருகோணமலையில் பாடசாலைக் கண்காட்சிக்குச் சூரியனைத் தேர்ந்த மாணவர்கள், சூரியனை ஆராயும் நாசா விண்கலங்களான எஸ்.டி.ஓ. (Solar Dynamics Observatory), பார்க்கர் (Parker Solar Probe) இரண்டில் எதை எடுப்பது என்று தடுமாறுகிறார்கள்.

தூரம்: 2010இல் ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. பூமியைச் சுற்றியபடியே சூரியனைப் பார்க்கிறது. 2018இல் புறப்பட்ட பார்க்கர், 2024 டிசம்பரில் சூரிய மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 61 இலட்சம் கிலோமீற்றர் வரை நெருங்கியது.

தருவது: எஸ்.டி.ஓ. முழுச் சூரியனையும் பல அலைநீளங்களில் ஓயாமல் படமெடுக்கிறது. பார்க்கரோ சூரியனை நேரே படம் பிடிப்பதில்லை. வெப்பக் கவசத்தின் நிழலில் ஒதுங்கி, சூரியனிலிருந்து வெளியே பாயும் சூரியக் காற்றின் துகள்களையும் காந்தப்புலத்தையும் அங்கேயே அளக்கிறது. மேற்பரப்பைவிடச் சூரியனின் வெளி வளிமண்டலம் ஏன் பன்மடங்கு சூடாக இருக்கிறது என்ற பழைய புதிரை அவிழ்க்க, தூரத்துப் படம் மட்டும் போதாது.

செலவு: இரண்டும் நாசாவின் தலையில். நமக்கு இணையக் கட்டணம்தான்.

எளிமை: எஸ்.டி.ஓ. படங்களில் கரும்புள்ளிகள் நகர்வதை நாள்தோறும் குறித்துவந்தால், சூரியன் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை சுழல்வது புலப்படும். மார்கழி மழைமேகம் ஊரை மூடினாலும் வேலை நிற்காது. பார்க்கரின் வரைபுகளைப் படிக்கக் கொஞ்சம் பௌதிகம் வேண்டும்.

சாதாரண தர மாணவர்களுக்கு எஸ்.டி.ஓ. போதும். உயர்தரக் கணிதப் பிரிவினர் பார்க்கரைத் துணிந்து எடுக்கலாம்.